608 பென்ஸ் மேல் போட்ட பழி

டாடா ஸ்டீல் வாங்கிய பிரிட்டிஷ்-டச்சு எஃகுக் கம்பெனியான கோரஸ் என்று பேச்செடுத்தாலே நம் ஆட்கள் ஒரு எண்ணைச் சொல்லி விவகாரத்தை முடித்துவிடுவார்கள்: 608. ஒரு பங்குக்கு டாடா கொடுத்த விலை அது, பென்ஸ் கணக்கில்; நூறு பென்ஸ் ஒரு பவுண்டு. லண்டனில் 2007 ஜனவரி 30 மாலை தொடங்கிய ஏலம் ஒன்பது சுற்று போனது. பொழுது விடிவதற்குள் பிரேசிலின் எஃகுக் கம்பெனி சி.எஸ்.என். பங்குக்கு 603 பென்ஸில் நின்றுவிட, டாடா ஸ்டீல் ஐந்து பென்ஸ் கூட்டி வைத்து கோரஸைத் தூக்கியது. முந்தைய அக்டோபரில் அதே டாடா கேட்ட விலை 455 பென்ஸ். மூன்றரை மாதத்தில் விலை மூன்றில் ஒரு பங்கு ஏறியிருந்தது. 430 கோடி பவுண்டு என்றிருந்த பேரம் 620 கோடி பவுண்டில் முடிந்தது. மும்பைப் பங்குச் சந்தை அன்றைக்கே டாடா ஸ்டீல் பங்கைச் சுமார் பத்து சதவீதம் இறக்கித் தன் கருத்தைச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை தீர்ப்பு ஒன்றுதான்: ஏல வெறியில் ஏறிவிட்டார்கள், கை சுட்டுக்கொண்டார்கள்.

இந்தத் தீர்ப்பு எனக்கு ஒருநாளும் ஒட்டவில்லை. அதிக விலை கொடுத்தார்கள் என்பதில் சண்டையில்லை. 2013-ல் டாடா ஸ்டீல் தானே 160 கோடி டாலரைக் கணக்கிலிருந்து கழித்து எழுதியது. ஆனால் விலைதான் நோய் என்றால், அதே கோரஸின் துண்டுகளை மலிவாக வாங்கியவர்கள் பிழைத்திருக்க வேண்டுமே? வாங்கியவர்களை வரிசையாகப் பாருங்கள்.

வடகிழக்கு இங்கிலாந்தின் டீசைடு ஆலையை டாடா 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு தாய்லாந்தின் சஹவிரியா ஸ்டீல் அதை 46.9 கோடி டாலருக்கு வாங்கியது. அவர்களுக்கு தாய்லாந்தில் எஃகைத் தகடாக உருட்டும் உருட்டாலை இருந்தது, சொந்த உருக்கு இல்லை. டீசைடில் ஸ்லாப் என்கிற தடித்த எஃகுப் பாளம் வார்த்துக் கப்பலில் ஊருக்குக் கொண்டுபோவது திட்டம். 2012 ஏப்ரலில் அங்குள்ள ரெட்கார் ஊதுலையை, அதாவது தாதை உருக்கி இரும்பாக்கும் உலையை, மறுபடி ஏற்றினார்கள். 2015-ல் ஸ்லாப் விலை சரிந்தது. அக்டோபரில் அந்தக் கம்பெனி திவால். சுமார் 2,200 பேருக்கு வேலை போனது. அடுத்த துண்டு இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் ஆலை. 2016-ல் டாடா அதை கிரேபுல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு ஒரே ஒரு பவுண்டுக்குக் கொடுத்தது. பிரிட்டிஷ் ஸ்டீல் என்ற பழைய பெயரை எடுத்து மாட்டிக்கொண்ட அந்தக் கம்பெனி 2019 மே மாதம் விழுந்தது. 2020 மார்ச்சில் சீனாவின் ஜிங்யே வந்தது. நாளொன்றுக்கு ஏழு லட்சம் பவுண்டு நட்டம் என்று ஜிங்யே சொல்லி, கச்சாப்பொருள் வாங்குவதையும் நிறுத்தப் போக, 2025 ஏப்ரல் 12, ஒரு சனிக்கிழமை, விடுமுறையிலிருந்த நாடாளுமன்றத்தைக் கூட்டி பிரிட்டிஷ் அரசு நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்தது.

ஆக இந்தியா, தாய்லாந்து, சீனா என்று வளரும் நாடுகளிலிருந்து மூன்று பேர் ஒரே பழைய கம்பெனியை முழுசாகவும் துண்டாகவும் வெவ்வேறு விலைக்கு வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பவுண்டுக்கு வாங்கிய உள்ளூர்க்காரரும் உண்டு. நான்கு பேருக்கும் கை சுட்டது. ஒரு பவுண்டுக்கு வாங்கியவரிடம் போய் விலை அதிகம் என்று யார் சொல்வது?

விற்றவர் யார்?

கோரஸ் பேரம் 2007 ஏப்ரலில் முழுதாக முடிந்து ஓராண்டு போவதற்குள், 2008 மார்ச்சில், அதே டாடா குழுமம் அதே பிரிட்டனில் ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்க ஒப்பந்தம் போட்டது. விலை 230 கோடி டாலர். இரண்டு பேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணில் படவேண்டியது விலையல்ல. ஜாகுவார் பேரத்தில் விற்றவர் ஃபோர்டு என்ற ஒற்றை ஆள். பணத்தை வாங்கிய கையோடு சுமார் 60 கோடி டாலரை ஜாகுவார் லேண்ட் ரோவரின் ஓய்வூதியத் திட்டங்களுக்குள் அந்த ஆள் போட்டுவிட்டுத்தான் வெளியே போனார். இதே ஃபோர்டு 2010-ல் வால்வோவை சீனாவின் ஜீலிக்குக் கொடுத்தபோதும் இப்படித்தான். 180 கோடி டாலர் என்று கையெழுத்தானது. ஓய்வூதியப் பற்றாக்குறை, நடைமுறை மூலதனம் எல்லாம் கழித்து 150 கோடியில் முடிந்தது.

கோரஸில் அப்படிக் கேட்க ஆளே கிடையாது. அது லண்டன் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி. விற்றவர்கள் அதன் பங்குதாரர்கள்: ஓய்வூதிய நிதிகள், மியூச்சுவல் ஃபண்டுகள், ஏலச் செய்தி கேட்டு நவம்பரில் நுழைந்த ஹெட்ஜ் ஃபண்டுகள். 608 பென்ஸை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் கலைந்துவிட்டார்கள். பின்னால் ஒரு பள்ளம் தெரிந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? தனியார் பேரத்தில் விற்பவர் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழிகள் பொதுப் பங்கு கையகப்படுத்தலில் இல்லை. உறுதிமொழி பொய்த்தால் திருப்பித் தரவென்று ஓரமாக நிறுத்திவைக்கும் பணமும் இல்லை. விலை சரிக்கட்டும் ஷரத்தும் இல்லை. ஏலம் என்று வந்துவிட்டால் கணக்குப் புத்தகத்தை நோண்டவும் மனசு வராது. பிரிட்டனின் கையகப்படுத்தல் விதிப்படி ஒரு போட்டியாளருக்குக் காட்டிய தகவலை மற்றவர் கேட்டால் அவருக்கும் காட்டியாக வேண்டும். நீங்கள் சிரமப்பட்டுக் கேட்டு வாங்கும் காகிதம் எதிராளிக்கும் போகும்.

எனக்கு இந்த விஷயம் பிடிபட்டது இந்த இடத்தில்தான். 608-க்கும் 455-க்கும் நடுவே இருக்கும் பணம் ஒரே தடவை போனது, போனதோடு கணக்கு முடிந்தது. உள்ளே தங்கிய கடமைகள், ஊழியர்களுக்குத் தரவேண்டிய ஓய்வூதியம் போன்றவை, அப்படியல்ல. அவை வருடாவருடம் வாய் திறந்தன.

37 பவுண்டும் 67 பவுண்டும்

1967-ல் பிரிட்டனின் எஃகுத் தொழில் தேசியமயமாகி பிரிட்டிஷ் ஸ்டீல் உருவானபோது அதில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். அவர்களுக்குத் தரவேண்டிய ஓய்வூதியம் முழுவதும், தனியார்மயமாகி, டச்சுக்காரர்களின் ஹூகோவன்ஸோடு 1999-ல் இணைந்து கோரஸாகி, கடைசியில் டாடாவிடம் வந்து சேர்ந்தது. கடைசிக் காலத்தில் திட்டத்தில் இருந்தவர்கள் சுமார் 1,30,000 பேர். கடமை ஏறக்குறைய 1,500 கோடி பவுண்டு. அதைத் தாங்க வேண்டிய ஆலைகளில் வேலை செய்தவர்களோ பத்தாயிரம் அளவில்தான். ஒரு சம்பளக்காரரின் தோளில் பத்துப் பன்னிரண்டு ஓய்வூதியக்காரர்கள்.

ஏலம் நடந்தபோது இதை யாரும் பார்க்காமல் விடவில்லை. சிறிய திட்டமொன்றில் இருந்த 12.6 கோடி பவுண்டு பற்றாக்குறையை அடைப்பதாக டாடா முதல் விலையிலேயே சேர்த்துச் சொன்னது. பெரிய திட்டத்துக்குக் கம்பெனி செலுத்தும் பங்கை 10 சதவீதத்திலிருந்து 12 ஆக்கவும் ஒப்புக்கொண்டது. அன்றைய வட்டி விகிதத்துக்கு அது நியாயமான ஏற்பாடுதான். சிக்கல் அந்த "அன்றைய" என்ற சொல்லில் இருக்கிறது.

இருபது வருடம் கழித்து ஒருவருக்கு 100 பவுண்டு தரவேண்டும் என்று வையுங்கள். வட்டி 5 சதவீதம் என்றால் இன்று ஒதுக்கவேண்டியது 37 பவுண்டு 70 பென்ஸ். வட்டி 2 சதவீதமாக இறங்கினால் 67 பவுண்டு 30 பென்ஸ். ஓய்வூதியக்காரருக்குப் பைசா கூடவில்லை. கம்பெனியின் கடமை மட்டும் முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டது. 2008 நெருக்கடிக்குப் பிறகு பிரிட்டனில் நடந்தது இதுதான். வட்டி தரைக்கு வந்தது, எஃகு விற்பனையும் அதே நேரத்தில் படுத்தது. கையில் காசில்லாத நாளில் ஓய்வூதிய அறங்காவலர்கள் கூடுதல் பணம் கேட்டு வந்து நின்றார்கள்.

2016-ல் டாடாவிடம் மிஞ்சியிருந்த வேல்ஸின் போர்ட் டால்போட் ஆலை ஒரு நாளைக்குப் பத்து லட்சம் பவுண்டு இழக்கிறது என்று பேச்சு. டாடா விற்கப் பார்த்தது. இந்தத் திட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை ஆலையைத் தொட யாருக்கும் துணிவில்லை. 2017-ல் ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தின் சம்மதத்தோடு கழற்றிவிட்டார்கள்: டாடா 55 கோடி பவுண்டு ரொக்கம் தந்தது, பிரிட்டன் கம்பெனியில் 33 சதவீதப் பங்கும் எழுதிக்கொடுத்தது. இந்தக் கழற்றல் கேட்டவுடன் கிடைக்காது. இல்லாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குள் கம்பெனி திவாலாவது நிச்சயம் என்று நிரூபிக்க வேண்டும். ஓய்வூதியக்காரர்களுக்கு வருடாந்தர உயர்வு குறைந்தது. குழப்பத்தில் சுமார் எட்டாயிரம் பேர் தங்கள் பணத்தை மொத்தமாக வெளியே எடுத்தார்கள். தவறான ஆலோசனை கேட்டு அவர்களில் பலர் ஏமாந்தது இன்னொரு நெடுங்கதை.

"ரிகோர்ஸ் இல்லாத கடன்" என்பதும் இங்கே வெளுத்தது. கோரஸை வாங்க எடுத்த கடனின் பெரும்பகுதி பிரிட்டனில் தொடங்கிய தனிக் கம்பெனியின் பெயரில்தான் இருந்தது. அது கட்டத் தவறினால் டாடாவின் ஜாம்ஷெட்பூர் ஆலையைத் தொட வங்கிக்கு உரிமை இல்லை. காகிதத்தில் பார்த்தால் வெட்டிவிட்டு வந்துவிடலாம். ஆனால் அடுத்த கடனுக்கும் அதே வங்கிகளிடம்தான் போகவேண்டும். டாடா என்ற பெயர் வைத்த ஒரு கம்பெனியைத் திவாலாக்கிவிட்டு ஜாகுவாரை ஓட்ட முடியாது. ஆகவே இந்தியாவிலிருந்து பணம் போய்க்கொண்டே இருந்தது. சட்டத்தில் ரிகோர்ஸ் இல்லை, பெயரில் இருந்தது.

இன்று கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு

இதெல்லாம் பெரிய வீட்டுச் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. இன்றைக்கு ஒரு நடுத்தர உதிரிபாகக் கம்பெனி ஜெர்மனியில் நூறு பேர் வேலை செய்யும் ஆலையை விலைக்குப் பார்க்கிறது. அங்கே ஓய்வூதியத்துக்குத் தனி அறக்கட்டளை இல்லாத கம்பெனிகள் ஏராளம். பணம் எங்கும் ஒதுக்கப்பட்டிருக்காது. ஐந்தொகையில் ஒரு ஏற்பாட்டுத் தொகையாக மட்டும் உட்கார்ந்திருக்கும். வாங்குகிறவர் அதைக் கடனில் சேர்க்காமல் விட்டால் விலை மலிவாகத் தெரியும். ஜெர்மன் கணக்குமுறை இந்தத் தொகையைப் பத்து வருடச் சராசரி வட்டியில் போடுகிறது. வட்டி இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் அது கடமையைச் சிறிதாக்கிக் காட்டியது. அதே எண்ணைச் சர்வதேசக் கணக்குமுறையிலும் ஒருமுறை போட்டுத் தரச் சொல்லி, வித்தியாசத்தை விலையில் கழிக்க வேண்டும்.

பிரிட்டனில் என்றால் மூன்று எண்கள் கேட்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் உள்ள பற்றாக்குறை ஒன்று. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அறங்காவலர்கள் போடும் மதிப்பீட்டில் வரும் பற்றாக்குறை இன்னொன்று. மொத்தக் கடமையையும் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தால் ஆகும் செலவு மூன்றாவது. மூன்றும் மூன்று விதமாக இருக்கும், கடைசி எண்தான் வயிற்றைக் கலக்கும். கம்பெனி திவாலானால் கடனாக நிற்பதும் அந்தக் கடைசி எண்தான். அதோடு, எவ்வளவு கட்டவேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் என்று அறக்கட்டளைப் பத்திரத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். சில பத்திரங்களில் அது அறங்காவலர்களிடம் மட்டுமே இருக்கும்.

பங்கை வாங்காமல் சொத்தை மட்டும் வாங்கும் வழியும் உண்டு. ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் 2020 ஏப்ரலில் பிரிட்டனின் நார்ட்டன் பைக் கம்பெனியை வாங்கியது அப்படித்தான். கம்பெனி நொடித்து நிர்வாகியின் கையில் இருந்தபோது பிராண்டையும் சொத்துகளையும் 1.6 கோடி பவுண்டுக்கு எடுத்தார்கள். முந்தைய உரிமையாளர் காலத்து ஓய்வூதியத் திட்ட விவகாரம் முந்தையவரோடேயே நின்றது. இதில் இன்னொரு சிரமம் உண்டு: ஒப்பந்தங்கள், உரிமங்கள், சப்ளையர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். தொழிலாளர்கள் பழைய சம்பள நிபந்தனைகளோடே உங்களிடம் வருவார்கள். அந்தத் தலைவலி வேறு ரகம், ஆனால் எண்ணி முடிக்கக்கூடியது.

நம் பக்கத்துச் சட்டம் இதில் பெரிதாக உதவாது. 2022 ஆகஸ்ட் 22-ல் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகள்படி, கடைசியாகத் தணிக்கையான ஐந்தொகையில் உள்ள நிகர மதிப்பைப்போல் நான்கு மடங்குவரை வெளியே ஈடுபடுத்தலாம். ஒரு நிதியாண்டில் நூறு கோடி டாலரைத் தாண்டினால் மட்டும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி. எஃப்.சி. படிவத்தை வங்கி வழியாகப் போட்டு, அந்த முதலீட்டுக்கான தனி எண்ணை வாங்கிய பிறகே பணம் அனுப்ப முடியும். கொடுக்கும் உத்தரவாதங்கள் இந்த நான்கு மடங்குக் கணக்கில் சேரும். செயல்திறன் உத்தரவாதத்துக்குப் பாதி மட்டும். பாக்கி வைத்துத் தவணையில் தரும் விலையும் சேரும். கடன் கணக்கு வாராக்கடனாகியிருந்தால் வங்கியின் ஆட்சேபமின்மைச் சான்று வேண்டும். கேட்டு 60 நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு வருடாவருடம் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை. தாமதித்தால் 7,500 ரூபாய் கட்டணம். இவை எல்லாம் நாட்டைவிட்டுப் போகும் பணத்தை எண்ணும் விதிகள். அங்கே வாங்கும் கம்பெனிக்குள் என்ன கடமை தூங்குகிறது என்பது வாங்குகிறவர் பாடு.

அணைக்க முடியாத அடுப்பு

ஓய்வூதியத்தைக் கழற்றிய பிறகும் போர்ட் டால்போட் ஏன் எழவில்லை என்று கேட்பவர்களுக்கு, ஊதுலையைக் கிட்டே போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு டன் கச்சா எஃகுக்கு சுமார் 1.4 டன் தாதும் 0.8 டன்னுக்குச் சற்றுக் குறைவான கோக் நிலக்கரியும் தேவை. ஜாம்ஷெட்பூருக்குத் தாது நோவாமுண்டி, ஜோடா பக்கத்துச் சொந்தச் சுரங்கத்திலிருந்து வருகிறது. நிலக்கரியில் கணிசமான பகுதி ஜாரியாவிலிருந்தும் மேற்கு பொகாரோவிலிருந்தும். கோரஸுக்கு ஒரு சட்டி தாதுகூடச் சொந்தமில்லை. ஆஸ்திரேலிய நிலக்கரியின் ஒப்பந்த விலை 2007-ல் டன்னுக்கு 98 டாலர், 2008-ல் 300. அந்த ஒரே உயர்வால் ஒரு டன் எஃகின் செலவு ஏறக்குறைய 155 டாலர் கூடியது. தாது விலையும் அதே ஆண்டு எகிறியது.

நட்டம் வந்தால் கடையை மூடிவிட்டுச் சந்தை தேறியதும் திறக்கலாம் என்பதும் நடவாது. ஊதுலை அணைந்தால் அடியில் தேங்கிய இரும்பு கட்டியாக உறைந்துவிடும். நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் கோக் உலை அதைவிட மோசம். அதன் சுவர் சிலிக்கா செங்கல். சூட்டிலேயே பிறந்து சூட்டிலேயே வாழவேண்டிய செங்கல் அது. ஆறவிட்டால் சுருங்கி விரிசல் விடும், பிறகு இடித்துத்தான் கட்ட வேண்டும். 2015 அக்டோபரில் ரெட்கார் கோக் உலையைக் குளிரவிட முடிவெடுத்த அன்றே அந்த ஆலையின் கதை முடிந்தது. 2025-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சனிக்கிழமை ஓடிவந்ததும் ஸ்கன்தோர்ப் உலைகளுக்கு இந்தக் கதி வராமல் தடுக்கத்தான். ஓடவிட்டாலும் பதினைந்து, இருபது வருடத்துக்கு ஒருமுறை உள்சுவரை மாற்ற வேண்டும். போர்ட் டால்போட்டின் நாலாம் உலைக்கு டாடா அதைச் செய்து 2013 பிப்ரவரியில் மறுபடி ஏற்றியது, செலவு 18.5 கோடி பவுண்டு.

இதற்கெல்லாம் 2007-லேயே ஒரு விடை வைத்திருந்தார்கள். இந்தியாவில் மலிவாக ஸ்லாப் வார்ப்பது, ஐரோப்பாவில் அதை உருட்டிப் பூச்சு பூசி நல்ல விலைக்கு விற்பது. தாய்லாந்துக்காரர்களின் திட்டத்தைக் கவிழ்த்துப் போட்டால் கிடைப்பது. தப்பான யோசனை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஸ்லாப் எங்கிருந்து வரும்? ஜாம்ஷெட்பூரில் அப்போது வருடத்துக்கு ஐந்து மில்லியன் டன்தான், அதை இந்தியச் சந்தையே விழுங்கிக்கொண்டிருந்தது. ஒடிசாவின் கலிங்கநகரில் புது ஆலைக்கு 2004-ல் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். 2006 ஜனவரி 2-ல், ஆலைக்கு நிலம் சமன்படுத்துவதை எதிர்த்த பழங்குடி மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். கோரஸுக்கு முதல் விலை சொல்வதற்கு ஒன்பது மாதம் முன்பே நடந்தது இது. அந்த ஆலை வணிக உற்பத்திக்கு வந்தது 2016-ல், போர்ட் டால்போட்டை விற்க டாடா ஆள் தேடிக்கொண்டிருந்த அதே ஆண்டில். லண்டன் ஏல அறையில் யாரும் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். 608-ஆ 603-ஆ என்பது அதற்கு எவ்வளவோ பின்னால் வரும் கேள்வி.

கலிங்கநகரில் 2024 செப்டம்பர் 20 அன்று டாடா ஸ்டீல் இன்னொரு ஊதுலையை ஏற்றியது. கொள்ளளவு 5,870 கன மீட்டர், இந்தியாவிலேயே பெரியது. பத்து நாள் கழித்து, செப்டம்பர் 30-ல், பதினொரு வருடம் முன் 18.5 கோடி பவுண்டு போட்டுப் புதுப்பித்த போர்ட் டால்போட் நாலாம் உலையை அணைத்தார்கள். அதன் இடத்துக்கு மின்வில் உலை வருகிறது. காயலான் கடை இரும்பை உருக்குவது. 125 கோடி பவுண்டில் 50 கோடி பிரிட்டிஷ் அரசின் பணம். அது தயாராகும்வரை அங்குள்ள உருட்டாலைகள் சும்மா இருக்க முடியாது. ஸ்லாபும் எஃகுச் சுருளும் கப்பலில் வந்து இறங்குகின்றன. ஒரு பகுதி நெதர்லாந்தின் ஐமாய்டன் ஆலையிலிருந்து, ஒரு பகுதி இந்தியாவிலிருந்து.